கடையநல்லூர்த் தெருவிலிருந்து கழக வீடு வரை

(பாவூர்சத்திரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நிலம் குறைந்த நகரத்தில் எண்ணிக்கையில் சிறிய சமூகத்தார் சொந்த வீட்டுக்காரர்களாக ஆவது எப்படி என்பது இன்றைய பேச்சு. இதைக் கேட்டதும் சிலர் பம்பாயையோ சென்னையையோ நினைப்பார்கள். நான் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறேன். அது வெளியூர்க் கதை என்று யாரும் எண்ண வேண்டாம். சிங்கப்பூர் தஞ்சோங் பகார் வட்டாரத்தில், மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் பக்கத்தில், கடையநல்லூர்த் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. நம் தென்காசிக்கு அடுத்த கடையநல்லூர்தான். அங்கிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறிய முஸ்லிம் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் அடர்ந்து வாழ்ந்த காலத்தின் அடையாளம் அது. இன்று அங்கே உள்ள பழைய கடைவீடுகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளோ தீவு முழுவதும் பரவி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அங்குள்ள தமிழர் வழக்கில் சொன்னால் ‘வீவக வீடு’, இன்னும் சுருக்கமாகக் ‘கழக வீடு’. வாடகைக்கு அல்ல, சொந்தமாக. இந்த மாற்றம் எப்படி நடந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் போனவர்களைப் பற்றி. கைத்தறி நொடித்ததும் மழை பொய்த்ததும் இந்தப் பக்கத்துச் சனங்களைக் கடல் தாண்ட வைத்தன. அந்தக் காலத்தில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழர்களில் பெரும்பாலானோர் தனி ஆண்கள். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு, சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பும் கணக்கு. கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் அதில் வேறுபட்டவர்கள். பெண்டு பிள்ளைகளோடு போய்க் குடியேறினார்கள். ஆண்கள் துறைமுகத்திலும் சிறு வணிகத்திலும் இருக்க, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து, இடித்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் துறைமுகத்து ஆண்களைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்தப் பெண்களைப் பற்றி எழுதுவதில்லை என்பது என் குறை. 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். 1946இல் அந்த அமைப்பின் முயற்சியில் உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி வந்தது. சங்கம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, தொழுகைக்கு நடந்துபோகும் தூரத்தில் பள்ளிவாசல் இருந்தது. இல்லாதது சொந்த வீடு. கடைவீடுகளின் மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி, ஒரே அடுப்படியைப் பல குடும்பங்கள் பங்குபோட்ட ஒண்டுக்குடித்தனம். கையில் மிஞ்சிய காசு ஊருக்கு வந்து இங்கே செங்கலும் சுண்ணாம்புமானது. தென்காசிப் பக்கம் ‘சிங்கப்பூரார் வீடு’ என்று சொல்லப்படும் வீடுகளைக் காட்ட உங்களில் பலரால் முடியும்.

ஆங்கிலேய அரசு 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் என்று ஒன்றை வைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் அது கட்டிய வீடுகள் ஏறத்தாழ 23,000. 1960 பிப்ரவரியில் அதன் இடத்துக்கு வீவக வந்தது. முதல் ஐந்தாண்டுகளிலேயே ஐம்பதாயிரத்துக்கும் மேல் கட்டி முடித்தது. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான், ஒரு வணிகர். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப்பகுதி தீக்கிரையாகி ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்த பிறகு, வேகம் தவிர வேறு வழியும் இல்லை.

ஆனால் கட்டுவது வேறு, சொந்தமாக்குவது வேறு. 1964இல் ‘மக்களுக்குச் சொந்த வீடு’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்து குவீன்ஸ்டவுன் வீடுகளை விற்பனைக்கு வைத்தார்கள். விலை குறைவுதான். ஆனாலும் கூட்டம் அலைமோதவில்லை, ஏனென்றால் முன்பணம் யாரிடமும் இல்லை. நாலு பிள்ளைகளை வைத்திருக்கும் துறைமுகத் தொழிலாளியிடம் ஐந்தில் ஒரு பங்கு விலையை மொத்தமாகக் கொண்டுவா என்றால் அவர் எங்கே போவார்? கந்துக்காரரிடம்தான். இந்த முடிச்சை அவிழ்த்தது 1968ஆம் ஆண்டுத் திருத்தம். 1955 முதலே மத்திய சேமநிதி என்ற ஒன்று இருந்தது. முதலாளி ஒரு பங்கு, தொழிலாளி ஒரு பங்கு, முதுமைக்கான சேமிப்பு. அந்தப் பணத்தை எடுத்து வீட்டுக்கு முன்பணமாகவும் மாதத் தவணையாகவும் கட்டலாம் என்று 1968இல் அனுமதித்தார்கள். சம்பளக் கவரில் கை வைக்காமலே வீடு வாங்கலாம் என்றானது. பிறகு சேமநிதியின் விகிதமும் ஏறிக்கொண்டே போய், 1980களின் நடுவில் இருவர் பங்கும் சேர்ந்து சம்பளத்தில் பாதி அளவுக்கு வந்தது. 1970இல் மூன்றில் ஒரு குடும்பத்துக்குக்கூடச் சொந்த வீடு இல்லாத நாட்டில், 1990இல் ஏறத்தாழ பத்தில் ஒன்பது குடும்பங்களுக்குச் சொந்த வீடு. மலாய்க் குடும்பங்கள், இந்தியக் குடும்பங்கள் என்று தனியே எடுத்தாலும் இன்று ஐந்தில் நான்குக்கு மேல். சிறுபான்மையினருக்கென்று தனித்திட்டம் எதுவும் போட்டு வந்ததல்ல இது. எல்லோருக்கும் முன்பணம் கிடைக்க வழி செய்ததும் சிறுபான்மையினருக்கும் கிடைத்தது. சாதி, மதம், மொழி பார்க்காத முன்பணம் என்பது சாதாரண விஷயமல்ல. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கையைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். முஸ்லிம்கள் அடர்ந்த பகுதிகளைச் சில வங்கிகள் கடன் கொடுக்கத் தகாத இடங்கள் என்று குறித்துவைத்திருந்ததை அது பதிவு செய்திருக்கிறது.

சரி, இத்தனை வீட்டுக்கும் நிலம்? 1960இல் சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். கடலைத் தூர்த்துத் தூர்த்து இப்போது 730ஐத் தாண்டிவிட்டார்கள். நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். ‘இடமில்லை’ என்று சொல்ல உலகிலேயே நல்ல சாக்கு வைத்திருந்த ஊர் அது. சொல்லவில்லை. 1966இல் நிலக் கையகச் சட்டம் கொண்டுவந்து, தேவைப்பட்ட நிலத்தையெல்லாம் அரசு எடுத்தது. 1973இல் அதைத் திருத்தி, அந்த ஆண்டின் விலையையே இழப்பீட்டுக்கு உச்சமாக்கினார்கள். அதற்குப் பிறகு சந்தை எவ்வளவு ஏறினாலும் நிலத்துக்காரருக்குப் பழைய விலைதான். அந்த முறை பல ஆண்டுகள் நீடித்தது. 1960இல் தீவின் நிலத்தில் 44 விழுக்காடு அரசிடம் இருந்தது. 1985இல் 76 விழுக்காடு.

கைதட்ட வேண்டாம், பொறுங்கள். நிலம் இழந்தவர்களில் பெரும்பண்ணையார்கள் மட்டும் இல்லை. கம்பம் என்ற கிராமக் குடியிருப்புகளின் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள், சிறுகடைக்காரர்கள் இருந்தார்கள், பள்ளிவாசலுக்கும் ஏழைகளுக்கும் எழுதிவைத்த வக்ஃபு நிலங்கள் இருந்தன. கையில் வந்தது சொற்பத் தொகை. தஞ்சோங் பகாரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த நம் ஊர்க்காரர்கள் தோ பாயோவுக்கும் ஈசூனுக்கும் பிடோக்குக்கும் சிதறினார்கள். அண்டை வீடாக இருந்த அக்காள் வீட்டுக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியதாயிற்று. புதிய நகரங்களில் பள்ளிவாசல் கட்ட 1975இல் ஒரு நிதி ஏற்படுத்தி, முஸ்லிம் தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் சிறுதொகை பிடித்தார்கள். அப்படி எழுந்த முதல் பள்ளிவாசல்தான் தோ பாயோவின் முகாஜிரின். இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வியை நோக்கிப் பெற்றோர் திரும்பியதுதான் அதற்குப் பெரிய காரணம். பிள்ளைகள் நடந்துவரும் தூரத்தில் இல்லாமல் போனதும் சேர்ந்துகொண்டது என்று நான் கருதுகிறேன்.

இன்னொரு கோடும் அப்போது கிழிக்கப்பட்டது. வீவக வீட்டை வாங்கும் உரிமை குடிமக்களைச் சார்ந்தது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1971க்குள் பிரிட்டிஷ் படைத்தளங்கள் மூடப்பட்டன. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்களில் குடியுரிமை இல்லாதவர்கள் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். குடியுரிமை எடுத்தவர்கள் வீடு எடுத்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம் என்று ஆனது அந்த ஆண்டுகளில்தான். அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. அந்த அடுக்குமாடிகளைக் கட்டப் போகும் தமிழ்நாட்டு இளைஞர்கள் வேலை அனுமதியோடு தங்கும் விடுதிகளில் இருக்கிறார்கள். ஓர் அறைக்குள் எத்தனை பேர் என்பதை 2020இல் கொரோனா பரவியபோதுதான் உலகம் கவனித்தது. சிங்கப்பூரைப் புகழ்கிறவர்கள் இந்த விடுதிகளையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். வீடு கிடைத்தது, சரி. பக்கத்து வீட்டில் யார்?

1980களில் புதிய நகரங்களில் இனவாரியான சேர்க்கை தெரியத் தொடங்கியது. பிடோக்கிலும் தெம்பனீஸிலும் மலாய்க்காரர்கள், ஈசூனில் இந்தியர்கள், ஹவ்காங்கிலும் அங் மோ கியோவிலும் சீனர்கள். 1964இல் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தின் நினைவு ஆட்சியாளர்களை விட்டுப் போகவில்லை. 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை அமலுக்கு வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன், ஒரு தமிழர். ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கும், அதைச் சுற்றிய வட்டாரத்துக்கும் இனவாரியாக ஓர் உச்சவரம்பு. ஒரு கட்டடத்தில் சீனர் 87 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. மலாய்க்காரர் 25. இந்தியரும் பிறரும் முதலில் 13, 2010 முதல் 15.

கூட்டிப் பாருங்கள். 87, 25, 15. மொத்தம் 127. நூறு வீட்டுக்கு நூற்றிருபத்தேழா என்று கேட்கலாம். இது ஒதுக்கீடு அல்ல, வரம்பு. யாருக்கும் இத்தனை வீடு என்று எடுத்துவைக்கவில்லை. இதற்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொல்கிறது. அந்த இருபத்தேழு விழுக்காட்டு நெகிழ்ச்சிக்குள்தான் சந்தை நடக்கிறது.

இப்போது நம் கணக்கைப் பாருங்கள். 1997இல் கலைஞர் அரசு பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்தது. தென் மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் வெந்துகொண்டிருந்த காலம். முதல் சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகள். ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 25, பிறர் 10. கூட்டினால் துல்லியமாக 100. அடுத்தடுத்த வீட்டில் வேறு வேறு சாதி, ஒரே சமுதாயக்கூடம், ஒரே சுடுகாடு. ஒரே சுடுகாடு என்று ஒரு அரசாணையில் எழுத வேண்டியிருந்ததே, அதற்குத் தனிச் சொற்பொழிவு வைக்க வேண்டும். எண்ணத்தில் சிங்கப்பூர்க் கொள்கையைவிட இது துணிச்சலானது என்பேன். சிங்கப்பூர் இனத்தைக் கலந்தது. நாம் சாதியைக் கலக்க முயன்றோம், அதுதான் கடினம். ஆனால் நூறு வீட்டோடு ஊருக்கு வெளியே ஒரு தீவாக நின்றுவிட்டது. பூட்டிக் கிடக்கும் வீடுகள், வேறு யாரோ குடியிருக்கும் வீடுகள் என்று பல இடங்களில் ஆயிற்று. ஊருக்குள் சேரியும் தெருவும் இருந்தபடியே இருக்க, நூறு குடும்பத்தை மட்டும் வெளியே எடுத்துக் கலந்துவிட்டால் போதும் என்று நினைத்ததுதான் பிழை. சிங்கப்பூரில் எண்பது விழுக்காட்டு மக்கள் குடியிருக்கும் அத்தனை கழகக் கட்டடத்துக்கும் அந்த விதி உண்டு. ஒதுங்கிப் போக இடமில்லை.

அப்படியென்றால் அவர்கள் முறைதான் சரி என்று முடித்துவிடலாமா? வீட்டை விற்கப் போகும் இந்தியரைக் கேளுங்கள். கட்டடத்தில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சீனர் வீட்டைச் சீனர் வாங்கலாம், எண்ணிக்கை மாறாது. இந்தியர் வீட்டைச் சீனர் வாங்கினால் வரம்பு மீறும், அனுமதி இல்லை. ஆக, மக்கள்தொகையில் முக்கால் பங்கினர் அவருடைய வீட்டை வாங்க முடியாதவர்களாகிவிடுகிறார்கள். ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு இருக்கும் இந்தியர்களிலும், அவர்களைத் தவிர மலாய்க்காரர்களிலும் பிறரிலும் ஆள் தேட வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விலையைக் குறைக்க வேண்டும். கலந்து வாழ்வதால் வரும் நன்மை நாடு முழுவதற்கும், அதற்கான செலவு பெரும்பாலும் சிறுபான்மை விற்பனையாளருக்கு. 2021இல் நாடாளுமன்றத்தில் இது விவாதமானது. 2022இல், நீண்ட நாள் முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் வழியை அறிவித்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து. இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. எந்த வட்டாரத்திலும் சிறுபான்மையினர் திரண்டு ஒரு வாக்கு வலிமையாக ஆக முடியாதபடி இந்தச் சிதறல் செய்துவிட்டது என்பார்கள். அதில் உண்மை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

‘இன்னாருக்குத்தான் விற்கலாம்’ என்ற நிபந்தனை நமக்கும் புதிதல்ல. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கும் அது போன்ற நிபந்தனை. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் அந்த வகுப்பாருக்கே. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. காகிதத்தில் நிபந்தனை இருந்தது, நிலம் கைமாறிப் போனது. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்களில் இருவர் 1994இல் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். சிங்கப்பூரில் நிபந்தனை கறாராக நடந்தது, விலை குறைந்தது. இங்கே நிபந்தனை நடக்கவில்லை, நிலமே போயிற்று. ஒரே மாதிரி விதி. அரசின் கை இறுகியிருந்த இடத்தில் ஒரு விளைவு, தளர்ந்த இடத்தில் இன்னொன்று.

சென்னையைப் பற்றி இரண்டு வார்த்தை. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டிக்கொடுப்பது வழக்கமாக இருந்தது. பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். போனவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்தில், வீடு எங்கோ. வீட்டுத்தரகர் வாசலில் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிற அனுபவம் முஸ்லிம் நண்பர்களுக்கு எல்லா நகரத்திலும் உண்டு. குறிப்பிட்ட சமூகத்தாருக்கு மட்டும் என்று ஒரு கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் ஒரு பார்சி சங்கத்தின் வழக்கில் சொல்லிவிட்டது. சிறுபான்மைக்குக் காப்பாகச் சொன்ன தீர்ப்பு அது. அதே கதவைப் பெரும்பான்மையும் சாத்திக்கொள்ளலாமே என்ற கவலை எனக்கு இருக்கிறது.

கடைசியாக நம்மூர். மத்திய சேமநிதியைப் பற்றி நான் பேசும்போது, பீடி சுற்றும் அக்காமார்களே, உங்களில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். சரிதான், உங்களுக்கும் பி.எப். உண்டு. 1977இல் வருங்கால வைப்புநிதிச் சட்டம் பீடித் தொழிலுக்கு விரிந்தது. வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகிறவர்கள் தொழிலாளர்களே அல்ல என்று கம்பெனிகள் வழக்காடின. 1985இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆக, கீழப்பாவூர் வட்டாரத்துத் திண்ணையில் பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் பெண்ணுக்கும், தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்த பெண்ணின் மகனுக்கும் சட்டப்படி ஒரே மாதிரிச் சேமிப்பு. வீட்டுக்காக அதில் பணம் எடுக்க இங்கும் வழி இருக்கிறது. வேறுபாடு இரண்டு. அங்கே உச்சத்தில் இரு பங்கும் சேர்ந்து சம்பளத்தில் பாதி. இங்கே பீடித் தொழிலுக்குப் பத்தும் பத்தும், அதுவும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலியில், கணக்கில் ஏறிய வேலைக்கு மட்டும். இரண்டாவது வேறுபாடு பெரிது. அங்கே சேமநிதிக்குப் பின்னால் அரசு நிலத்தோடு நின்றது. இங்கே பணத்தை எடுக்கப் போனால், மனை உன் பேரிலோ கணவன் பேரிலோ இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பீடித் தொழிலாளர் வீட்டு மானியம் 2016இல் ஒன்றரை லட்சமாக உயர்ந்தபோதும் அதே கேள்வி. 2024இல் வந்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் மூன்றரை லட்சம் தருகிறது, அங்கும் பட்டா வேண்டும். நத்தம் புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள், மாமனார் பேரில் உள்ள கூட்டுப் பட்டாவில் உட்பிரிவு ஆகாமல் நிற்பவர்கள், கணவன் இறந்து வாரிசுச் சான்றிதழுக்கு அலைபவர்கள், இவர்கள் எல்லோரும் மூன்று திட்டத்துக்கும் வெளியே நிற்கிறார்கள். நான்குவழிச் சாலை வேலை தொடங்கியபின் இங்கே மனை சென்ட் கணக்கில் என்ன விலை போகிறது என்பது சந்தைக்காரர்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் சிங்கப்பூரைப் பார்த்து அடுக்குமாடி கட்டுங்கள் என்பதல்ல. கீழப்பாவூர் ஒன்றியத்தில் எந்தெந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்குப் பட்டா இல்லை, யார் பேரில் இல்லை, எதனால் இல்லை என்று தெருவாரியாக ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்யக்கூடிய வேலை அது. ஆதிதிராவிடர் குடியிருப்பு, முஸ்லிம் தெரு, பீடி சுற்றும் குடும்பங்கள் என்று பிரித்தும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யார் விடுபடுகிறார்கள் என்பது தெரியாது. பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். பட்டா கோரும்போது கணவன் பேரோடு மனைவி பேரையும் சேர்த்தே எழுதுங்கள், பி.எப். பாஸ்புக்கில் இருப்பது அவள் பேர்தானே. அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருகிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பட்டியலை அவர் கையில் கொடுங்கள்.